பழைய காருக்குத் தரமான பிரேக் பாகங்கள்: தேடுவதும் தேர்ந்தெடுப்பதும்

பழைய கார் ஒன்றை வாங்கியதும் பிரேக் வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். காரின் பெயரையும் வருடத்தையும் சொல்லி, கிடைக்கிற முதல் ‘முழு செட்’டை வாங்கிவிடுகிறார்கள். பெடல் மிதியைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், அந்த அழுத்தத்தால் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள், டிரம்மின் உட்புறத்தில் உரசும் ஷூ, சக்கரத்தோடு சுழலும் டிரம், ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் என்று எல்லாம் புதுசு. கழற்றிய பழையது மொத்தமும் பழைய இரும்புக்காரரிடம் போய்விடுகிறது. கொஞ்ச நாளில் புது வீல் சிலிண்டர் கசிய ஆரம்பிக்கும். அப்போது தேடினால், சரிசெய்து போட்டிருக்கக்கூடிய நல்ல பழைய சிலிண்டர் கையில் இருக்காது.

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரான வழி. காரோடு வந்த இரும்பு அளவில் சரியாக இருந்தால் அதை விடாதீர்கள். ரப்பரில் செய்தது எதுவாக இருந்தாலும் பழையதை நம்பாதீர்கள். எதை வாங்கினாலும் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து முடிவு செய்யுங்கள். இப்படிப் போனால் வாங்க வேண்டியவை வெகுவாகச் சுருங்கும். வாங்குபவை நம்பும்படி இருக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கார் ஓடிய காலத்தில் அதன் பாகங்களை லட்சக்கணக்கில் வார்த்துக் கடைந்த தொழிற்சாலைகளின் அச்சுகள் பெரும்பாலும் இப்போது இல்லை. இன்று வரும் மாற்றுப் பாகங்கள் பல, யாரோ ஒருவர் ஒரு பழைய மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து, சின்ன எண்ணிக்கையில் செய்தவை. அந்த மாதிரியே தேய்ந்துபோனதாக இருந்தால், தேய்மானமும் சேர்ந்து நகலாகிவிடும். நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண்பதுதான் நமது வேலை.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில் பெரும்பாலானவை ஒற்றை லைன் பிரேக் கொண்டவை. ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே அறை, அதிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் பைப். ஒரு வீல் சிலிண்டரில் ஆயில் கசியாமல் அடைக்கும் ஒரு சின்ன ரப்பர் கப் கிழிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அமெரிக்கக் கார்களில் 1967 மாடலிலிருந்துதான் இரட்டை லைன் பொதுவானது. உங்களுடையது ஒற்றை லைன் என்றால், கைப்பிரேக்கைத் தவிர வேறு துணை கிடையாது. ‘இப்போதைக்கு இது போதும்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

வாங்குவதற்கு முன் கழற்றிப் பாருங்கள்

முதல் வேலை, காரில் உண்மையில் என்ன மாட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது. கையேட்டில் உள்ளதும் காரில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இத்தனை வருடத்தில் யாராவது பின் ஆக்ஸிலை மாற்றியிருக்கலாம், முன்பக்க டிரம்மை எடுத்துவிட்டு வேறு மாடலின் டிஸ்க்கைப் போட்டிருக்கலாம். தொழிற்சாலையே நடு வருடத்தில் பாகத்தை மாற்றியிருக்கும். அதனால்தான் உதிரிபாகப் பட்டியல்களில் ‘இந்தச் சேஸிஸ் எண் வரை இது, அதற்குப் பிறகு அது’ என்று இருக்கும். வருடத்தை மட்டும் சொல்லி வாங்கினால் தவறிப்போவது இங்கேதான். சேஸிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. 1980கள் வரை பிரேக் லைனிங்கில் (ஷூவின் மேல் ஒட்டிய, உரசித் தேயும் பட்டை) அஸ்பெஸ்டாஸ் தாராளமாகப் பயன்பட்டது. பழைய காரில் அதற்குப் பிறகும் பழைய இருப்பிலிருந்து போட்டிருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். காற்றடித்து ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். பிரேக் கிளீனரையோ தண்ணீரையோ தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதற்கேற்ற முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் இதற்குப் போதாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் அப்படியே இருந்தால், எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கர டிரம் பலவற்றில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீல் சிலிண்டர் இருக்கும். அதில் இடது, வலது என்று வேறுபாடு உண்டு. மாற்றிப் போட்டாலும் மாட்டிக்கொள்ளும், ஆனால் காற்றை முழுவதும் எடுக்கவே முடியாது, ஏனென்றால் லைனிலுள்ள காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும்.

வார்ப்பில் உள்ள எண்ணும், போரின் (சிலிண்டரின் உள் துளையின்) அளவும்

துருவையும் கிரீஸையும் துடைத்தால் சிலிண்டர், காலிப்பர் (டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் பாகம்), டிரம் எல்லாவற்றிலும் ஏதாவது எழுத்தோ எண்ணோ தெரியும். கெர்லிங், லாக்ஹீட், பெண்டிக்ஸ், ஏ.டி.ஈ. என்று தயாரித்தவர் பெயர் இருக்கும். கூடவே ஒரு வார்ப்பு எண், சில சமயம் போரின் அளவும் இருக்கும். இந்த எண் உங்களுக்குப் பொன் போன்றது. கார் நிறுவனங்கள் பெரும்பாலும் பிரேக்கைத் தாங்களே செய்யவில்லை; இந்த மாதிரி சில நிறுவனங்களிடம் வாங்கின. அதனால் ஒரே வீல் சிலிண்டர் ஒரு காரிலும், வேறு நிறுவனத்தின் வேனிலும் இருக்கலாம். உங்கள் காரின் பெயரில் தேடினால் ‘கிடைப்பதில்லை’ என்று வரும் பாகம், பிரேக் நிறுவனத்தின் எண்ணில் தேடினால் சுலபமாகக் கிடைப்பதுண்டு.

வார்ப்பு எண்ணும் பாக எண்ணும் ஒன்றல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரே வார்ப்பை வெவ்வேறு போருக்குக் கடைந்திருப்பார்கள். மினி காரின் பின்சக்கர சிலிண்டர்கள் இதற்கு நல்ல உதாரணம். வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், உள்ளே போர் வேறுபடும். எனவே எண் கிடைத்தாலும் போரை அளந்தே தீர வேண்டும்.

போர் கொஞ்சம் மாறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிஸ்டனைத் தள்ளும் விசை அதன் பரப்பைப் பொறுத்தது. 5/8 அங்குலம் (15.87 மி.மீ.) இருக்க வேண்டிய இடத்தில் 3/4 அங்குலம் (19.05 மி.மீ.) சிலிண்டரைப் போட்டால் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. அதைப் பின்சக்கரத்தில் போட்டால், ஈரச் சாலையில் பிரேக் அடித்ததும் முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் சுற்றும். சிலிண்டர் புதுசு, கசிவு இல்லை, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனாலும் கார் ஆபத்தானதாகிவிட்டது. மாஸ்டர் சிலிண்டரில் கணக்கு தலைகீழ். போர் பெரிதானால் பெடல் கல் மாதிரி கெட்டியாகும், ஓட்டம் குறையும், அதே பிரேக்குக்குக் காலில் அதிக பலம் தேவைப்படும்.

திருகு மரையிலும் இதே கவனம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களில் பிரேக் பைப் நட் பெரும்பாலும் 3/8 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவு மரை), ஐரோப்பியக் கார்களில் எம்10 (10 மி.மீ. மெட்ரிக் மரை), 1 மி.மீ. பிட்ச், அதாவது மரைகளுக்கு இடையே 1 மி.மீ. இரண்டுக்கும் விட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஒன்றை மற்றொன்றுக்குள் திருகினால் உள்ளே போவது போலத்தான் போகும், இறுக்கும்போது மரை உருவிவிடும். டிரையம்ப் டி.ஆர்.6 காரின் காலிப்பர்களையே பாருங்கள். கெர்லிங் ‘16பி’ (16P) என்பது அங்குல மரை, ‘16பிபி’ (16PB) என்பது மெட்ரிக் மரை. வெளித்தோற்றத்தில் பிரித்தறிவது கஷ்டம். பழைய காலிப்பரிலிருந்து கழற்றிய நட்டைக் கையாலேயே புதியதில் திருகிப் பாருங்கள். ஆட்டமில்லாமல், தடையில்லாமல் போனால்தான் சரி.

எதைக் காப்பாற்றலாம்

கழற்றியதையெல்லாம் மேஜையில் பரப்பி இரும்பு, ரப்பர், லைனிங் என்று பிரியுங்கள்.

வீல் சிலிண்டரிலிருந்து பிஸ்டன், ஸ்பிரிங், ரப்பர் கப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிரேக் கிளீனரால் கழுவி, வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். ரப்பர் உரசும் பகுதி மினுமினுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்கு ஒரு ரிப்பேர் கிட் போதும். லேசான கறை இருந்தால் ஹோன் கருவியால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் அளவு துருக்குழி இருந்தால் ஹோனால் பலனில்லை. குழி போகும்வரை தேய்த்தால் போர் பெரிதாகி, கப் அதோடு ஒட்டாமல் கசியும். அலுமினிய மாஸ்டர் சிலிண்டர்களில் போருக்கு அனோடைஸ் பூச்சு இருந்தால் ஹோனை உள்ளே விடவே கூடாது; பூச்சு போனால் அலுமினியம் வெகுசீக்கிரம் அரித்துவிடும்.

குழி விழுந்த சிலிண்டரும் குப்பை இல்லை. அதைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ ஸ்லீவ் (உள் உறைக் குழாய்) இறக்கி, பழைய அளவுக்கே மறுபடி போர் செய்து கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். மூல வார்ப்பு, மூல மரை, மூல அளவு எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே மட்டும் முன்பைவிட நீடிக்கும் உலோகம். ஆனால் மாஸ்டர் சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு வாங்கும்போது ஒரு இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆயில் தொட்டியிலிருந்து போருக்குள் இறங்கும் சின்னஞ்சிறு துளை ஒன்று உண்டு, ஊசி முனை அளவுதான் இருக்கும். பெடலை விட்டதும் லைனில் இருக்கும் அழுத்தம் அந்தத் துளை வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்புகிறது. ஸ்லீவ் போட்டவர் அதைத் துளைக்க மறந்தாலோ, தப்பான இடத்தில் துளைத்தாலோ, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே போகும், டிரம் சூடேறும். துளைத்த ஓரத்தில் பிசிர் இருந்தால் ரப்பர் கப்பை முதல் மிதியிலேயே கீறிவிடும். வெளிச்சம் பிடித்துப் பார்த்து, மெல்லிய கம்பி ஒன்றை விட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலிப்பரில் பெரும்பாலும் கெட்டுப்போவது பிஸ்டன். குரோம் பூச்சு உரிந்து துருப்பிடித்திருக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டன்கள் பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கின்றன, அவற்றையும் புது சீல்களையும் வாங்கினால் காலிப்பர் புத்துயிர் பெறும். சீல் உட்காரும் பள்ளத்தைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். பிரேக்கை விட்டதும் பிஸ்டனைத் துளி பின்னுக்கு இழுப்பது அந்தச் சதுர வெட்டு சீல்தான். பள்ளத்தில் துருப் பொருக்கு இருந்தால் சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும், பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். 1950களின் கடைசியில் ஜாகுவார் கார்களில் வந்த டன்லப் காலிப்பர்களில் இந்த வேலையை உள்ளே ஒரு பின்னிழுப்பு ஊசி செய்தது, சிலிண்டரும் தனியாகப் போல்ட் செய்யப்பட்டிருக்கும். அந்த மாதிரி வித்தியாசமான அமைப்பு இருந்தால் அதற்கே உரிய கிட் வாங்க வேண்டும். காலிப்பரின் இரண்டு பாதிகளைப் பிரிக்க வேண்டாம் என்று புதியவர்களுக்குச் சொல்வேன். பிரித்தால் நடுவில் இருக்கும் சின்ன ரிங்குகளும், சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கிய போல்ட்டுகளும் தேவைப்படும்.

டிரம்மும் டிஸ்க்கும் வரம்புக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பல டிரம்களுக்கு மூல விட்டத்தைவிடச் சுமார் 1.5 மி.மீ. கூடுவதே கடைசி எல்லை. உங்கள் காரின் பட்டறைக் கையேடு சொல்வதே முடிவானது. டிஸ்க்குக்குக் குறைந்தபட்ச தடிமன் உண்டு, சிலவற்றில் ஓரத்திலேயே பொறித்திருப்பார்கள். அளவில் இருந்தாலும் விரிசல் கண்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் சமாதானமே வேண்டாம். சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல வார்ப்பு டிரம் மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். இப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பழைய டிரம், எங்கே வார்த்தது என்று தெரியாத புது டிரம்மைவிட மேல் என்பது என் எண்ணம்.

ரப்பரும் ஆயிலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்

கப், சீல், பூட் (தூசி தடுக்கும் ரப்பர் உறை), ஹோஸ் எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ‘பழைய காலத்துப் புது ஸ்டாக்’ என்று பெட்டி பிரிக்காத பாகங்கள் விற்பனைக்கு வரும். பார்த்ததும் ஆசையாக இருக்கும். அதில் உள்ள இரும்பு உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம், வாங்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் முப்பது நாற்பது வருடம் அலமாரியிலேயே கிடந்து கெட்டிப்பட்டிருக்கும். வாங்கியதும் பிரித்து, போரில் ஈரத்துரு இருக்கிறதா என்று பார்த்து, ரப்பரை எறிந்துவிட்டுப் புது கிட் போடுங்கள். பழைய ஸ்டாக் ஹோஸை வாங்கவே வேண்டாம். பழைய ஸ்டாக் ஷூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதையும் ஒதுக்குங்கள்.

கிட் வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, சீல் எந்த ரப்பர் என்பது. பிரேக் ஆயில் டப்பாவில் ‘டாட்’ என்று ஒரு ரக எண் இருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆயில்கள் கிளைக்கால் வகை. இவற்றுக்கு இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் சரியாகப் பொருந்தும். சாதாரண மினரல் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் இதே ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ், பெட்ரோல், டீசல் எதையும் பிரேக் ரப்பரின் அருகே கொண்டுவரக் கூடாது என்பது இதனால்தான். மாட்டும்போது தடவ ரப்பருக்கென்றே உள்ள சிவப்பு கிரீஸ் அல்லது சுத்தமான பிரேக் ஆயில் போதும். இதற்கு மறுபக்கமாக, சிட்ரோயென் டி.எஸ். காரில் 1960களின் பின்பாதியில் பச்சை நிற மினரல் திரவத்துக்கு மாறினார்கள், அதற்கு முன்பு இருந்தது சிவப்புத் திரவம். இரண்டுக்கும் ரப்பர் வேறு. ஒன்றின் சீலை மற்றொன்றில் போட்டால் மொத்த அமைப்பும் பாழாகும். உங்கள் கார் எந்தத் திரவத்துக்கானது என்று தெரியாமல் ஒரு சீல்கூட வாங்காதீர்கள்.

டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. எண்ணைப் பார்த்து 5.1இன் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டும் கலக்காது. ஈரம் உறிஞ்சாது, பெயின்டைக் கெடுக்காது என்பதால் அதிகம் ஓடாமல் நிற்கும் கார்களுக்குச் சிலர் விரும்பிப் போடுகிறார்கள். போடுவதென்றால் எல்லா ரப்பரையும் மாற்றி, லைன் முழுவதையும் சுத்தம் செய்த பிறகுதான் போட வேண்டும். புதியவர்களுக்கு டாட் 4 போதும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பின் அதற்கான வரம்பே 155 டிகிரி. நிறைய நின்று கொஞ்சமே ஓடும் பழைய காரிலும் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஸ்லீவ் போடாத இரும்புப் போர் துருப்பிடிக்காமல் இருக்கவும் அதுதான் வழி.

ஹோஸில் அச்சிட்ட எழுத்துகளைப் படியுங்கள். தரக் குறியீடும், தயாரித்த தேதியும் அதில் இருக்க வேண்டும். எதுவுமே அச்சிடாத கறுப்புக் குழாயை வாங்காதீர்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்வதுண்டு. மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது; ஒரு சக்கரம் மட்டும் சூடாகும். காலிப்பரைக் குறை சொல்லிப் புதிது வாங்குவதற்கு முன் ஹோஸை மாற்றிப் பாருங்கள்.

பைப்புக்கு நிக்கல் கலந்த செம்பு நல்ல தேர்வு. துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம், முனை மடிப்பதும் சுலபம். சுத்தச் செம்புப் பைப் அதிர்வில் நாளடைவில் கெட்டிப்பட்டு விரிசல் விடக்கூடும், அதைத் தவிர்க்கிறேன். முனை மடிப்பு இரட்டை மடிப்பா, குமிழ் மடிப்பா என்று பழையதைப் பார்த்து அதே மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

லைனிங்கும் பேடும்

இங்கே ‘மூலப் பொருள்’ என்பது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது, அது அஸ்பெஸ்டாஸ். எனவே உங்கள் பழைய ஷூவின் இரும்பை வைத்துக்கொண்டு, அதற்குப் புது லைனிங் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வாங்குவது நல்லது. சந்தையில் வரும் புது ஷூக்களில் இரும்பு வளைவு மூலத்தோடு கொஞ்சம் மாறியிருப்பதும், ஸ்பிரிங் ஓட்டை இடம் தவறியிருப்பதும் அடிக்கடி கேள்விப்படும் புகார். பழைய ஷூவில் அந்தப் பிரச்சினை இல்லை.

லைனிங் போடுபவரிடம் டிரம்மையும் சேர்த்தே கொடுங்கள். டிரம்மைக் கடைந்திருந்தால் விட்டம் கூடியிருக்கும், லைனிங்கின் வளைவையும் அதற்கேற்ப அரைத்துக் கொடுக்க வேண்டும். சரியாக அரைத்த ஷூவை டிரம்முக்குள் வைத்தால் நடுப்பகுதி நன்றாகப் படியும், இரு முனைகளில் மயிரிழை இடைவெளி இருக்கும். முனைகள் பட்டு நடுவில் இடைவெளி தெரிந்தால் அது கீச்சிடும், கடித்துப் பிடிக்கும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த ரகம் என்று கேட்பார்கள். சர்வோ (கால் மிதிக்குத் துணையாக விசை கூட்டும் அமைப்பு) இல்லாத காருக்குக் குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும் மென்மையான ரகத்தைக் கேளுங்கள். பந்தய ரகத்தைக் கேட்டால் தரம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சூடேறிய பிறகுதான் வேலை செய்யும், காலையில் முதல் திருப்பத்தில் உங்களைக் கைவிடும். பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கலாம், முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் பிடிமானம், இரண்டாவது அதிக வெப்பத்தில். ‘இ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டாவது எழுத்து முதலைவிடக் கீழே இருந்தால் சூட்டில் பிடிமானம் குறையும் என்று பொருள். இது தரச் சான்று கிடையாது, தேய்மானத்தைப் பற்றியும் சொல்லாது. இருந்தாலும் இரண்டு பேடுகளை ஒப்பிட உதவும். வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் நாட்டு எண்ணும், கூடவே ‘90’ என்ற விதி எண்ணும் இருந்தால், அந்தப் பேட் ஐரோப்பிய மாற்றுப் பாக விதியின்படி சோதிக்கப்பட்டது. மிகப் பழைய மாடல்களுக்கு இந்த முத்திரை இல்லாமலும் வரும்.

ஒரு ஆக்ஸிலின் இரு பக்கத்துக்கும் ஒரே ரகம், ஒரே பெட்டி. இதில் விதிவிலக்கே கிடையாது.

யாரிடம் வாங்குவது

உங்கள் மாடலுக்கான உரிமையாளர் கிளப் இருந்தால் முதலில் அங்கே போங்கள். பல கிளப்கள் தாங்களே வரைபடம் கொடுத்து, சிறு எண்ணிக்கையில் பாகங்களைச் செய்ய வைக்கின்றன. எந்தத் தொகுதி நன்றாக வந்தது, எது கசிந்தது என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அடுத்தது அந்த மாடலை மட்டுமே கையாளும் விற்பனையாளர்கள். எல்லாக் காருக்கும் எல்லாம் விற்பவர் கடைசி.

பெட்டியில் உள்ள பழைய பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். நிறுவனங்கள் கைமாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. கெர்லிங் பிரேக்குகளை வைத்திருந்த லூகாஸ் 1996இல் வேரிட்டியோடு இணைந்தது, 1999இல் டி.ஆர்.டபிள்யூ. அதை வாங்கியது, 2015இல் அது இசட்.எஃப். கைக்குப் போனது. 1906இல் பிராங்ஃபர்ட்டில் ஆல்ஃபிரட் டேவெஸ் தொடங்கிய ஏ.டி.ஈ. 1998இல் கான்டினென்டல் வசம் போனது. பெயரை மட்டும் உரிமம் வாங்கி, வேறு யாரோ செய்ததை அந்தப் பெட்டியில் போடுவதும் நடக்கிறது. பெயர் பழையதாக இருந்தாலும் உள்ளே இருப்பதை யார், எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள்.

நேரடியாக இவற்றைக் கேளுங்கள்: போர் எத்தனை மில்லிமீட்டர், மரை எது, சீல் எந்த ரப்பர், அழுத்தச் சோதனை செய்ததா, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா. நல்ல விற்பனையாளர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து அளந்தே சொல்வார். ‘உங்கள் காருக்குப் பொருந்தும், கவலைப்படாதீர்கள்’ என்ற பதிலோடு நிறுத்துபவரிடம் நான் பிரேக் பாகம் வாங்க மாட்டேன்.

டிரம்மை மாற்றி டிஸ்க் போடும் கிட்டுகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றைப் பற்றி ஒன்று மட்டும். டிரம் பிரேக்குக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில் லைனில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அதோடு டிஸ்க்கை இணைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். முதல் வேலையாக இதில் இறங்காதீர்கள், இருப்பதைச் சரியாக்கினாலே டிரம் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

பாகம் கைக்கு வந்ததும்

மாட்டும் நாள்வரை பெட்டியைத் திறக்காமல் வைத்திருக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் போய்விடும். வந்த அன்றே பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போல்ட் ஓட்டைகளின் தூரம், பிஸ்டன் வெளியே நீளும் அளவு, நிப்பிள் இருக்கும் இடம், பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் குமிழ் ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். எடையும் பாருங்கள், புதிய டிரம் பழையதைவிடக் கணிசமாக லேசாக இருந்தால் சுவர் மெலிந்திருக்கிறது.

புது சிலிண்டரையும் பிரித்துப் பாருங்கள். உள்ளே கடைசல் தூள் இருக்கும், ஓரத்தில் பிசிர் இருக்கும், கப் திருப்பிப் போட்டிருக்கும். புதிதிலும் இதெல்லாம் நடக்கிறது. சுத்தம் செய்து, தரமான கிட்டிலிருந்து கப் போட்டு மூடினால் சுமாரான சிலிண்டரும் நம்பகமாகிவிடும். டிஸ்க்கை ஹப்பில் போட்டு டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.1 மி.மீ.க்கு மேல் போனால் முதலில் ஹப்பின் முகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், பாதிக் குற்றம் அங்கேதான் இருக்கும். செம்பு வாஷர்களை மறுபடி பயன்படுத்தாமல் புதிது போடுங்கள்.

மாட்டி, காற்றெடுத்து முடித்ததும் பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே கப் விடுகிறது. வண்டியை எடுக்காதீர்கள். முதன்முறை செய்பவர் என்றால், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து எல்லா இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் ஆரம்பிக்கலாம். லைனிங் படிய, மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக மிதித்து 15 வரை குறைத்து, நடுவில் ஆறவிட்டு, பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். நின்றதும் நான்கு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிடுங்கள். முன்பக்கம் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒரே ஆக்ஸிலில் இடதும் வலதும் வெகுவாக மாறுபட்டால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது இன்னொரு பக்கம் பிடிக்கவே இல்லை.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டிரம்மை மறுபடி கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது கசிவின் ஆரம்பம். எதை எங்கே வாங்கினீர்கள், பாக எண் என்ன, போர் என்ன, எந்த ஆயில், எந்தத் தேதி என்பதை ஒரு நோட்டில் எழுதி, பெட்டியின் லேபிளையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். கழற்றிய பழைய சிலிண்டர்களுக்கு எந்தச் சக்கரத்தினுடையது என்று சீட்டுக் கட்டி, எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். ஸ்லீவ் போட அனுப்ப அவைதான் தேவைப்படும். மறுபடி மாட்டும் நாளில் அந்த எண்ணெயை மிச்சமில்லாமல் கழுவிவிட்டே ரப்பரைப் போடுங்கள்.